சர்வோ ஹைட்ராலிக் ஃபெடீக் டெஸ்டிங் மெஷின்: யாரிடம் வாங்குவது, எதைக் கேட்டு வாங்குவது

ஒரு பொருளுக்கு ஆயில் அழுத்தத்தால் சுமையை லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கி, எத்தனை சுற்று தாங்குகிறது என்று பார்ப்பதுதான் சர்வோ ஹைட்ராலிக் ஃபெடீக் மெஷின். "250 கிலோ நியூட்டன் ஃபெடீக் மெஷினுக்கு கொட்டேஷன் அனுப்புங்கள்" என்று நாலு கம்பெனிக்கு மெயில் போடுவதில்தான் பெரும்பாலான லேப்களில் வேலை தொடங்குகிறது. கொட்டேஷன் நாலும் வந்துவிடும், எல்லாவற்றிலும் 250 என்று இருக்கும், விலை மட்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசப்படும். எதனால் அந்த வித்தியாசம் என்று யாருக்கும் புரியாது. கடைசியில் விலை குறைந்ததை வாங்குவார்கள், அல்லது பெயர் பெரியதை வாங்குவார்கள். இரண்டுமே தேர்வு இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சப்ளையரைத் தேடும் முன் உங்கள் சோதனையை எண்களில் எழுதி முடியுங்கள். அந்த எண்களைப் பார்த்துவிட்டு யார் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கிறாரோ, அவரிடம் பேச்சைத் தொடருங்கள். சோதிக்கும் மாதிரியின் விறைப்பு என்ன, அதைப் பிடிக்கும் கிரிப்பின் எடை என்ன, நொடிக்கு எத்தனை சுற்று (ஹெர்ட்ஸ்), ஆயில் பம்ப் அறை எங்கே வரும் என்று எதையும் கேட்காமல் மறுநாளே விலை அனுப்புகிறவர், தன் கையில் இருக்கும் மெஷினை விற்கிறார். உங்கள் சோதனைக்கு அது பொருந்துமா என்பதை அவர் பார்க்கவே இல்லை.

எண்களில் எழுதுவது என்றால் என்ன

ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்த்துவிடலாம். கட்டுமானக் கம்பிகளை இணைக்கும் கப்ளர்களைச் சோதிக்க லேப் வைக்கிறீர்கள். இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 16172 இதற்கு ஃபெடீக் சோதனையும் கேட்கிறது. 32 மில்லிமீட்டர் கம்பி, தகைவு வீச்சு (ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறி இறங்கும் விசை) 60 மெகா பாஸ்கல், 20 லட்சம் சுற்று என்று எடுத்துக்கொள்வோம். கம்பியின் குறுக்குப் பரப்பு 804 சதுர மில்லிமீட்டர். அப்படியென்றால் சுமை வீச்சு சுமார் 48 கிலோ நியூட்டன். மேல் எல்லையை யீல்டின் (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) 60 விழுக்காடு என்று வைத்தால் 500 கிரேடு கம்பிக்கு அது சுமார் 241 கிலோ நியூட்டன். 250 மெஷினில் இதை ஓட்டினால் எந்நேரமும் உச்சியிலேயே நிற்கும், அது கூடாது. 500 எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பம்ப். பணம் அதிகமாக வீணாவது இங்கேதான். இரண்டு கிரிப்புக்கும் நடுவே 600 மில்லிமீட்டர் கம்பி இருந்தால், 60 மெகா பாஸ்கலுக்கு அது நீள்வது 0.18 மில்லிமீட்டர்தான். அதாவது வீச்சு இரு பக்கமும் 0.09. அதை 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் பிஸ்டனின் உச்ச வேகம் நொடிக்கு 6 மில்லிமீட்டர்கூட இல்லை. 210 பார் அழுத்தத்தில் 500 கிலோ நியூட்டன் ஆக்சுவேட்டருக்கு (மாதிரியை இழுத்துத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர்) பிஸ்டன் பரப்பு கிட்டத்தட்ட 24,000 சதுர மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், நிமிடத்துக்கு 8 லிட்டர்தான் வருகிறது. கிரிப்பும் சட்டமும் கொஞ்சம் வளையும், வால்விலும் பேரிங்கிலும் கசிவு இருக்கும், கப்ளரும் கொஞ்சம் நெகிழும் என்று மூன்று மடங்கு வைத்தாலும் 24 லிட்டர். 40 லிட்டர் பம்ப் தாராளம். ஆனால் இந்த வேலைக்கு 150, 200 லிட்டர் பம்ப் போட்ட கொட்டேஷனை நீங்கள் பார்ப்பீர்கள். 40 லிட்டருக்கு 210 பாரில் 14 கிலோவாட் ஹைட்ராலிக் சக்தி போதும், 200 லிட்டருக்கு 70 வேண்டும். மோட்டார், கேபிள், கூலிங் டவர், ஆயில் கொள்ளளவு, மின் இணைப்பின் டிமாண்ட் கட்டணம் எல்லாம் அந்த எழுபதைப் பின்தொடர்ந்து வரும், சில இடங்களில் எல்டி (தாழ் மின்னழுத்த) இணைப்பை எச்டி (உயர் மின்னழுத்த) இணைப்பு ஆக்க வேண்டியும் வரும். 20 லட்சம் சுற்றை 10 ஹெர்ட்ஸில் முடிக்க இரண்டே கால் நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. நிலநடுக்க ஆய்வுக்கு ஒரு தூணையோ பேஸ் ஐசொலேட்டரையோ (கட்டடத்துக்கு அடியில் அதிர்வைத் தடுக்க வைக்கும் தாங்கி) இரு பக்கமும் 125 மில்லிமீட்டர், 1 ஹெர்ட்ஸில் ஆட்ட வேண்டும் என்று வையுங்கள். சுமை வெறும் 250 கிலோ நியூட்டன். பிஸ்டன் வேகம் நொடிக்கு 785 மில்லிமீட்டர், பரப்பு 11,900 சதுர மில்லிமீட்டர், உச்ச ஓட்டம் நிமிடத்துக்கு 560 லிட்டர். சில சுற்றுகள் மட்டும் என்றால் அழுத்தத்தோடு ஆயிலை அக்யூமுலேட்டர் கலனில் சேர்த்து வைத்துச் சமாளிக்கலாம், தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் பம்பே பெரிதாக வேண்டும். சுமை பாதிதான், ஆயில் தேவை எங்கேயோ போய்விட்டது. "250 கிலோ நியூட்டன் மெஷின்" என்ற ஒற்றை வரி எதையுமே சொல்லவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும்.

இதே காரணத்தால் கேட்டலாக்கில் "100 ஹெர்ட்ஸ் வரை" என்று பார்த்தால் அதோடு நிற்காதீர்கள். எந்த வீச்சில் 100 ஹெர்ட்ஸ், எந்தச் சுமையில், என்ன விறைப்புள்ள மாதிரியில் என்று கேளுங்கள். செயல்திறன் வளைகோடு என்று ஒரு படம் எல்லா நல்ல சப்ளையரிடமும் இருக்கும், ஒரு அச்சில் ஹெர்ட்ஸ், இன்னொன்றில் வீச்சு. உங்கள் சோதனைப் புள்ளியை அதில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அதோடு இன்னொன்று: ஆக்சுவேட்டருக்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வின் ஓட்டத்தை 70 பார் அழுத்த வித்தியாசத்தில் சொல்வதுதான் வழக்கம். 210 பார் சிஸ்டத்தில் ஆக்சுவேட்டர் தன் முழுச் சுமையில் மூன்றில் இரண்டு பங்கை எடுக்கும்போதுதான் வால்வுக்கு அந்த 70 மிஞ்சும். அதற்கு மேல் சுமை ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே முழுச் சுமை, முழு வேகம் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், வளைகோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.

இது உண்மையிலேயே ஹைட்ராலிக் வேலைதானா

இதைக் கேட்காமல் மேலே போகாதீர்கள். சிறிய உலோக மாதிரியில் ஒரு கோடி சுற்று ஓட்டி எஸ்-என் வளைகோடு (எந்தத் தகைவில் எத்தனை சுற்று தாங்கும் என்ற படம்) போடுவதுதான் உங்கள் முழு வேலை என்றால், 10 ஹெர்ட்ஸில் ஒரு மாதிரிக்கு பதினொன்றரை நாள் ஆகும். ரெசோனன்ஸ் வகை மெஷின் 100 ஹெர்ட்ஸில் அதை 28 மணி நேரத்தில் முடித்துவிடும், பம்ப் கிடையாது, ஆயில் கிடையாது, மின்செலவும் மிகக் குறைவு. பிளாஸ்டிக், ரப்பர், மருத்துவ உள்வைப்பு மாதிரிகள், சில கிலோ நியூட்டன் சுமை என்றால் லீனியர் மோட்டாரில் ஓடும் மின் மெஷின்கள் இருக்கின்றன, சாதாரண அறையிலேயே வைக்கலாம். சுமை பெரியதாக இருந்தாலோ, வீச்சு பெரியதாக இருந்தாலோ, சாலையில் பதிவுசெய்த ஒழுங்கில்லாத சுமை வரிசையை அப்படியே ஓட்ட வேண்டியிருந்தாலோ, கட்டமைப்புகளைப் பல ஆக்சுவேட்டர் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தாலோதான் சர்வோ ஹைட்ராலிக்கைத் தவிர வேறு வழி இல்லை.

யார் யார் இருக்கிறார்கள்

உலக அளவில் அதிகம் கேட்கும் பெயர்கள் அமெரிக்காவின் எம்டிஎஸ், இன்ஸ்ட்ரான், ஜெர்மனியின் ஸ்விக்ரோல், ஜப்பானின் ஷிமாட்சு. சுவிட்சர்லாந்தின் வால்டர் பிளஸ் பாய், பிரிட்டனின் சர்வோடெஸ்ட் போன்றவையும் உண்டு. இந்தியாவில் பெங்களூரின் பிஸ் நிறுவனத்தின் மெஷின்கள் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் நிறைய ஓடுகின்றன.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இன்ஸ்ட்ரான் நிறுவனம் ஐடிடபிள்யூ என்ற அமெரிக்கக் குழுமத்தைச் சேர்ந்தது. பிஸ் நிறுவனத்தையும் அதே குழுமம் வாங்கிவிட்டது. 2021 கடைசியில் எம்டிஎஸ் நிறுவனத்தின் டெஸ்டிங் பிரிவும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. அதாவது நீங்கள் இந்த மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி "மூன்று பேரை ஒப்பிட்டுவிட்டேன்" என்று ஃபைலில் எழுதினால், மூன்றுக்கும் முதலாளி ஒருவரே. இது குறை இல்லை, மூன்றின் வடிவமைப்பும் சர்வீஸ் ஆட்களும் வேறு வேறு, மூன்றிலும் நல்ல மெஷின்கள் உண்டு. ஆனால் விலையில் உண்மையான போட்டி வேண்டும் என்றால் அந்தக் குழுமத்துக்கு வெளியே இருந்து குறைந்தது இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். ஏஜென்சி மூலம் விற்கிறவர்களிடம் இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும்: நாளை ஏஜென்ட் மாறினால் என் மெஷினுக்குப் பொறுப்பு யார்? பதிலை மெஷின் தயாரிக்கும் கம்பெனியின் லெட்டர்ஹெட்டிலேயே வாங்குங்கள்.

புது மெஷின்தான் வேண்டும் என்பதும் இல்லை. நல்ல லோடு ஃப்ரேமும் (மெஷினின் இரும்புச் சட்டம்) ஆக்சுவேட்டரும் முப்பது வருடம் உழைக்கும், முதலில் காலாவதியாவது கன்ட்ரோலர்தான். சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும் ஓடும், சர்க்யூட் போர்டு கிடைக்காது. உங்கள் லேப்பில் ஏற்கெனவே ஒரு பழைய ஃப்ரேம் சும்மா நின்றால், சீல் மாற்றி, வால்வை சர்வீஸ் செய்து, புதிய டிஜிட்டல் கன்ட்ரோலர் போட்டுத் தர எவ்வளவு ஆகும் என்று கட்டாயம் கேளுங்கள். இந்த வேலையை ஒழுங்காகச் செய்து தருகிற சப்ளையர், மற்ற விஷயத்திலும் ஒழுங்காக இருப்பார் என்பது என் எண்ணம். ஏனென்றால் இதற்கு விற்பனைத் திறமை போதாது, மெஷின் தெரிந்திருக்க வேண்டும்.

கொட்டேஷனில் எதைத் தேடுவது

சுமையை அளக்கும் லோடு செல் ஃபெடீக் ரேட்டிங் உள்ளதா என்று பாருங்கள். ஸ்டாட்டிக் வேலைக்கு மட்டும் செய்த லோடு செல் கோடிக்கணக்கான சுற்றுக்குத் தாங்காது. கம்பியை இழுத்து உடைக்கும் ஸ்டாட்டிக் சோதனையை முடிந்தவரை சாதாரண யூடிஎம்-இல் (பொதுவான இழுவிசைச் சோதனை மெஷின்) வைத்துக்கொள்ளுங்கள், சர்வோ மெஷினின் லோடு செல்லுக்கு அந்த அதிர்ச்சி வேண்டாம்.

ஆக்சுவேட்டரின் பேரிங் எப்படிப்பட்டது என்பது அடுத்தது. நேர் அச்சில் இழுத்துத் தள்ளும் சின்ன மாதிரி என்றால் பாலிமர் பேரிங் போதும். பக்கவாட்டுச் சுமை வரும் கட்டமைப்புச் சோதனை, அல்லது மிகக் குறைந்த வீச்சில் மிக நீண்ட நாள் ஓடும் சோதனை என்றால் ஹைட்ரோஸ்டாட்டிக் பேரிங் கேளுங்கள், அதில் தண்டு ஆயில் படலத்தில் மிதப்பதால் உராய்வு மிகக் குறைவு. விலை கூடும், தேவையில்லாத இடத்தில் போடாதீர்கள்.

சர்வோ வால்வு ஐஎஸ்ஓ 10372 மவுண்டிங் அமைப்பில் இருக்கட்டும். அப்போது நாளைக்கு வேறு கம்பெனி வால்வையும் அதே இடத்தில் பொருத்தலாம். சப்ளையரின் சொந்த வடிவ வால்வு என்றால், அதற்கு அவர் சொல்வதுதான் விலை.

அளவீட்டுச் சான்றிதழில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாரும் ஐஎஸ்ஓ 7500-1 சான்றிதழ் தருவார்கள். அது மெஷின் நின்றுகொண்டிருக்கும்போது சுமை சரியாகக் காட்டுகிறதா என்பதற்கானது. 30 ஹெர்ட்ஸில் ஓடும்போது கிரிப்பின் எடையே ஒரு விசையை உண்டாக்கும், லோடு செல் நகரும் பக்கத்தில் இருந்தால் பிழை இன்னும் கூடும், திரையில் காட்டும் சுமை ஒன்று, மாதிரி வாங்கும் சுமை வேறு. இதைச் சரிபார்க்கத்தான் ஐஎஸ்ஓ 4965, ஏஎஸ்டிஎம் இ467 என்று தனியாக இருக்கின்றன. முடுக்கத்தால் வரும் பிழையைக் கன்ட்ரோலர் ஈடுசெய்கிறதா, டைனமிக் சரிபார்ப்பைச் செய்து காட்டுவீர்களா என்று கேளுங்கள். என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற நினைக்கும் லேப் என்றால் இதை விடவே கூடாது.

அலைன்மென்ட்டும் (இரண்டு கிரிப்பும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பது) அப்படித்தான். சுமையை அல்ல, ஸ்ட்ரெயினை (நீட்சி விகிதம்) கட்டுப்படுத்திச் செய்யும் லோ சைக்கிள் (குறைந்த சுற்றில் உடையும்) சோதனைக்கு ஏஎஸ்டிஎம் இ606 வளைவை 5 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய மாதிரியை மாட்டி, ஏஎஸ்டிஎம் இ1012 முறையில் உங்கள் லேப்பிலேயே அளந்து காட்ட வேண்டும். ஃபேக்டரியில் அளந்த தாள் போதாது, மெஷினைப் பிரித்து லாரியில் ஏற்றி இறக்கிய பிறகு அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை.

கன்ட்ரோலர் பற்றிச் சுருக்கமாக: டேட்டாவைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக எடுக்க முடிய வேண்டும், விரிசல் வளர்ச்சி, பிளாக் லோடிங் (சுமை அளவை அடுக்கடுக்காக மாற்றி ஓட்டுவது) போன்ற மென்பொருள் பகுதிகள் விலையில் சேர்ந்திருக்கிறதா தனியா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்க வேண்டும், பத்து வருடத்துக்கு உதிரி கிடைக்கும் என்ற உறுதி வேண்டும்.

நம் ஊர் வெயிலும் நம் ஊர் தண்ணீரும்

பம்புக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி கடைசியில் ஆயிலில் சூடாகத்தான் வந்து சேரும். ஆயிலை 50 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது நல்லது. ஐரோப்பாவில் 25 டிகிரி தண்ணீரை வைத்துக் கணக்குப் போட்ட ஹீட் எக்ஸ்சேஞ்சர், சென்னையின் மே மாதத்தில் திணறும், இரண்டாம் நாள் மதியம் ஆயில் சூடு இன்டர்லாக் (தானாக நிறுத்தும் பாதுகாப்பு) விழுந்து சோதனை நின்றுவிடும். உங்கள் ஊரின் உச்ச வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எழுதிக் கொடுத்து, அதற்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் பிளேட் வகை எக்ஸ்சேஞ்சர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஆகவே மென்னீர் ஏற்பாடோ மூடிய சுற்றில் ஓடும் சில்லரோ யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடியுங்கள். பெரும்பாலான தகராறு இந்த "சைட் தயாரிப்பு" என்ற ஒரு வரியில்தான் வருகிறது. அடித்தளம், ஆயில் முதல் நிரப்பு, பைப்லைன், கேபிள் எல்லாம் கஸ்டமர் தலையில் என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

பைப்லைன் என்றதும் ஒன்று. சர்வோ வால்வின் உள்ளே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். புதுப் பைப்பில் இருக்கும் வெல்டிங் துகள் ஒன்று போதும், வால்வு போய்விடும். வால்வை மாட்டும் முன் அதன் இடத்தில் ஆயிலை நேராகக் கடத்தும் ஃபிளஷிங் பிளாக் போட்டு ஆயிலை மணிக்கணக்கில் சுற்ற விட்டு, ஆயில் மாதிரியை எடுத்து ஐஎஸ்ஓ 4406 குறியீட்டில் சுத்தம் எவ்வளவு என்று லேப் ரிப்போர்ட் காட்ட வேண்டும். "டின்னிலிருந்து நேராக ஊற்றிய புது ஆயில் சார், சுத்தமாகத்தான் இருக்கும்" என்று சொல்கிற இன்ஸ்டலேஷன் ஆளை அப்படியே நிறுத்துங்கள், புது ஆயிலையும் ஃபில்டர் வழியாகத்தான் நிரப்ப வேண்டும்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் வாயால் கேட்காமல் செய்து காட்டச் சொல்லுங்கள். பம்ப் நிற்கும்போது ஆக்சுவேட்டர் மாதிரியை நசுக்காமல் சுமையை மெதுவாக விட வேண்டும், கன்ட்ரோலர் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருந்து எத்தனையாவது சுற்றில் நின்றது என்று சொல்ல வேண்டும்.

பழைய கஸ்டமரிடம் பேசுங்கள், ஆனால் சரியான ஆளிடம்

சப்ளையர் தரும் பட்டியலில் மூன்று நான்கு வருடமாக ஓடும் மெஷின்களைத் தேர்ந்தெடுங்கள். போன வருடம் வைத்ததில் எதுவும் தெரியாது, வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். துறைத் தலைவரிடம் பேசிவிட்டு வராதீர்கள், தினமும் மெஷினை ஓட்டும் டெக்னீஷியன் அண்ணனைத் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் எது உடைந்தது? போன் செய்தால் எத்தனை நாளில் ஆள் வந்தார்? வந்தவர் கையில் உதிரி இருந்ததா, பார்த்துவிட்டுப் போய்க் கொட்டேஷன் அனுப்பினாரா? ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்த பிறகு என்ன ஆயிற்று? இந்த நாலு பதில் எந்தக் கேட்டலாக்கிலும் கிடைக்காது. சென்னைக்காரர்கள் தரமணி சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி (கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்), ஐஐடி போன்ற இடங்களில் நீண்ட நாளாக ஓடும் மெஷின்களை முன் அனுமதி வாங்கிப் பார்த்துவிட்டு வரலாம், பம்ப் அறையை எப்படித் தனியாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே பாதி புரியும்.

முடிந்தால் உங்கள் மாதிரியிலேயே இரண்டு மூன்றை சப்ளையரின் டெமோ லேப்புக்குக் கொடுத்து ஓட்டித் தரச் சொல்லுங்கள். கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிடலாம், வாங்கும் தொகைக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

டெண்டர், கையெழுத்து, கடைசித் தவணை

அரசுக் கல்லூரி என்றால் எல்1 விதி (விலை குறைந்தவருக்கே ஆர்டர்) இருக்கும். அதற்குப் பயந்து ஒரு கம்பெனியின் கேட்டலாக்கை வரிக்கு வரி டெண்டரில் ஒட்டாதீர்கள், மற்றவர்கள் புகார் எழுதுவார்கள், டெண்டர் ரத்தாகும். தண்டின் விட்டம், ஃப்ரேமின் உயரம் எல்லாம் எழுதாமல், "இந்த விறைப்புள்ள மாதிரியில், இந்தச் சுமை, இந்த வீச்சு, இந்த ஹெர்ட்ஸ், 72 மணி நேரம் தொடர்ச்சியாக, ஆயில் சூடு இத்தனைக்குள்" என்று செயல்திறனை எழுதுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது, முடியாதவர் தானே விலகிவிடுவார். உள்நாட்டுப் பங்கு 50 விழுக்காடு உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரும் மேக் இன் இந்தியா விதியும் பொருந்தும், அந்தப் பங்கை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற சான்றை வாங்குங்கள். வாரண்டிக்குப் பிந்தைய ஐந்து வருட சர்வீஸ் ஒப்பந்த விலையையும், ஒரு உபரி சர்வோ வால்வு, சீல் செட், ஃபில்டர் விலையையும் விலை ஒப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் மெஷினை மலிவாகத் தந்துவிட்டு சர்வீஸில் எடுத்துக்கொள்வார்கள்.

பணத்தைப் பிரிக்கும்போது குறைந்தது 20 விழுக்காட்டை உங்கள் இடத்தில் சோதனை ஓடி முடிந்த பிறகுதான் தருவேன் என்று எழுதுங்கள். மெஷின் வந்து இறங்கியதற்கும் "இன்ஸ்டால் ஆனது" என்பதற்கும் இந்தத் தொகையைத் தரக்கூடாது. டெண்டரில் எழுதிய அதே 72 மணி நேர ஓட்டம், அனுப்பிய கட்டளையும் திரும்பி வந்த சுமையும் ஒரே படத்தில், அலைன்மென்ட் அளவு, எமர்ஜென்சி ஸ்டாப், கரன்ட் நிறுத்திப் பார்த்தது, எல்லாம் தாளில் வந்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசித் தவணை. இதற்குத் தயங்குகிற சப்ளையரை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

கையெழுத்துப் போடும் அன்றே கன்ட்ரோலரின் அட்மின் பாஸ்வேர்டு, ட்யூனிங் மதிப்புகள், லோடு செல் கேலிப்ரேஷன் ஃபைல், ஹைட்ராலிக் சர்க்யூட் வரைபடம், வயரிங் வரைபடம் எல்லாவற்றையும் பென் டிரைவில் வாங்கி, ஒரு நகலை மெஷினோடு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் வையுங்கள். வாரண்டி முடிந்த பிறகு ஹார்டு டிஸ்க் போய், அந்த ஃபைலுக்காகவே ஒரு சர்வீஸ் விசிட்டுக்குப் பணம் கட்டுகிற லேப்கள் இருக்கின்றன.